கார்த்திகையில் இரண்டு கருப்புச் சட்டை

சம்பந்தியம்மா,

இன்று காலை உள்ளறைக் கட்டிலுக்கு அடியில் பெருக்கிக்கொண்டிருந்தேன். துடைப்பத்தில் ஏதோ மாட்டித் தரையைக் கீறிக்கொண்டு வந்தது. குனிந்து எடுத்தால் ஒரு ரிவிட். தலை கூம்பாக இருக்கிற, எவர்சில்வர் போலப் பளபளக்கிற, யாழினியின் கருப்பு ஜாக்கெட்டுக்கு நீங்கள் உட்கார்ந்து அடித்தீர்களே, அதில் தெறித்துப் போன ஒன்று. அதைக் கையில் வைத்துக்கொண்டே ஃபோனை எடுக்கப் போனேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. எடுத்துப் பேச நீங்கள் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. அதனால் எழுதுகிறேன். அஞ்சாவதோடு நின்றவள் எழுத்துதான், ஆனால் கோணல் இல்லாமல் எழுதுவேன்.

வழக்கம்போல முதலில் பிள்ளைகள் விஷயம். என் மகள் வயிற்றுப் பேரன் ஓசூரில் கம்பெனி வேலையில் நிரந்தரமாகிவிட்டான், அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டே கோயிலுக்கும் வருகிறான். அவன் தங்கை நர்சிங் முடித்து வேலூரில் சேர்ந்துவிட்டாள், ஊசி போட்டால் வலிக்கவே இல்லை என்று நோயாளிகள் அவளையே கேட்கிறார்களாம். உங்கள் கொழுந்தனார் பேரன் போலீஸ் உடல் தேர்வில் ஓடி ஜெயித்துவிட்டான், எழுத்துத் தேர்வு பாக்கி. சின்னவள், மகள் வீட்டுக் கடைக்குட்டி, மாவட்ட அளவில் கோகோ ஆடிக் கோப்பை வாங்கினாள். கோப்பை அவள் இடுப்பு உயரம். யாழினி சென்னையில் செருப்பு, ஷூ வரைகிற படிப்பு இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அவள் வரைந்த ஒரு பூட்ஸைக் காலேஜில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் இருந்திருந்தால் நான் மூச்சு வாங்குவதற்குள் உங்கள் பக்கத்துப் பிள்ளைகளைச் சொல்ல ஆரம்பித்திருப்பீர்கள். ஒவ்வொரு ஞாயிறும் நாட்றம்பள்ளியிலிருந்து நீங்கள், ஆம்பூரிலிருந்து நான், ஏலம் விடுகிறமாதிரி மாற்றி மாற்றிச் சொல்வோம். யார் பக்கம் ஒன்று ஜாஸ்தியோ அவர்கள் அன்றைக்குச் சிரித்துக்கொண்டே ஃபோனை வைப்பார்கள். யாழினி மட்டும் சண்டைக்குரிய சொத்து. என் மகன் சேகர் பிள்ளை என்பதால் எனக்கு, உங்கள் மகள் மல்லிகா பிள்ளை என்பதால் உங்களுக்கு. பத்தாவதில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க் எடுத்தபோது இரண்டு பேரும் சொந்தம் கொண்டாடினோம். அடுத்த வருஷம் அவள் கருப்பு தவிர எதுவும் உடுத்த மாட்டேன் என்றபோது, "உங்க பக்கத்து ரத்தம்" என்று நீங்களும், "உங்க பக்கத்துப் பிடிவாதம்" என்று நானும் தள்ளிவிட்டுக்கொண்டோம்.

அது எப்படி ஆரம்பித்தது என்று இப்போது யோசித்தாலும் பிடிபடவில்லை. முதலில் கருப்பு டி-ஷர்ட். அதில் மண்டை ஓடு. பிறகு விரலுக்கு விரல் மோதிரம், கழுத்தில் நாய்ச்சங்கிலி கனத்துக்கு ஒரு செயின், கண்ணைச் சுற்றி மை. எதிர்வீட்டு மேஸ்திரி என்னை நிறுத்தி, "இன்னாம்மா, பாப்பா கட்சியில சேர்ந்துட்டாளா?" என்று கேட்டார். கட்சி இல்லை, பாட்டு என்றேன். பாட்டு என்று நான் சொன்னது மரியாதைக்காக. ஷூ அடிப்பாகம் விற்கிற கடையின் மாடியில், கூடப் படிக்கிற மூன்று பேரோடு சேர்ந்து இவள் தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்துவதும், பின்னால் டிரம்ஸ் இடிப்பதும் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும்.

நீங்கள் முதல் முறை அதைக் கேட்டது அவள் ஃபோனில், நம் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து. மல்லிகா காதைப் பொத்திக்கொண்டாள். நீங்கள் வெற்றிலையை மென்றபடி கடைசிவரை கேட்டுவிட்டு, "எங்கூர் திருவிழால சாமி வந்தவங்க குரல் இப்டித்தான் இருக்கும். உடுக்கை மட்டும்தான் இல்ல," என்றீர்கள். யாழினி உங்களைக் கட்டிக்கொண்டாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

அந்த மே மாதம் நீங்கள் வந்து தங்கியிருந்தபோது ஜாக்கெட் தைத்தோம். ஆம்பூரில் துண்டுத் தோல் கிலோ கணக்கில் கிடைக்கும். யாழினி கருப்பாகப் பொறுக்கிக்கொண்டு வந்து என் மெஷின் மேல் கொட்டினாள். ஷூவுக்கு மேல்பாகம் தைத்தே முப்பது வருஷம் ஓட்டியவள் நான், சட்டை தைத்ததில்லை. தோளும் கையும் இணைகிற இடத்தில் பூட்ஸுக்குத் தைக்கிறமாதிரியே தைத்துவிட்டேன். அவளுக்கு அதுதான் பிடித்திருந்தது. ரிவிட் அடிக்க வேண்டிய வேலை மிச்சம். தோலைத் தொட்டறியாதவர் நீங்கள். வேர்க்கடலைக் காட்டிலிருந்து வந்தவர். சுத்தியலைக் கேட்டு வாங்கினீர்கள்.

"ஆயா, வெரல்ல அடிச்சுக்காத."

"போடி. கடல ஒடைக்கிற கை இது. ஒரு தோள்ல எவ்ளோ வேணும் சொல்லு."

"எவ்ளோ முடியுமோ அவ்ளோ."

சொன்ன பிறகு நீங்கள் நிறுத்தவே இல்லை. இரண்டு தோளும் முள்ளம்பன்றி மாதிரி ஆயிற்று. சேகர் வேலை முடிந்து வந்து பார்த்தான். அவன் ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் செக்ஷன் சூப்பர்வைசர். ஒரு தையல் வளைந்தாலும் பெட்டியைத் திருப்பி அனுப்புகிறவன். ஜாக்கெட்டைத் தூக்கிப் பார்த்தான், தையலைப் பார்த்தான், திரும்ப மெஷின் மேல் வைத்தான். குளிக்கப் போகிறபோது, "தோல் வேல என்னோட போகட்டும்னுதான் இவள படிக்க வெக்கிறேன். இவ தோலையே மாட்டிக்கினு சுத்தறா," என்றான். அந்த ஒரு வார்த்தையில்தான் அவன் கோபம் எங்கேயிருந்து வருகிறது என்று எனக்குப் புரிந்தது. வேலைக்குப் போகிற காலத்தில் அவன் அப்பாவும் நானும் பஸ்ஸில் ஏறினால், எங்கள் மேல் வீசுகிற தோல் வாடைக்குப் பக்கத்து சீட் காலியாகவே இருக்கும். அவன் அதைப் பார்த்து வளர்ந்தவன்.

மல்லிகா கோபப்படவில்லை, வேறு வழி பார்த்தாள். ஒரு நாள் கருப்பு டி-ஷர்ட்டையெல்லாம் அள்ளி பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியில் ஊறப்போட்டுவிட்டாள். வெளுத்துவிட்டால் விட்டுவிடுவாள் என்று கணக்கு. எடுத்தால் அங்கங்கே ஆரஞ்சும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக வந்தது. யாழினி ஒன்றை உதறிப் பிடித்துப் பார்த்து, "அம்மா! சூப்பரா இருக்குதும்மா! இந்த ஜீன்ஸையும் போட்டுடு," என்றாள். ஃபோனில் உங்களுக்குச் சொன்னபோது நீங்கள் சிரித்த சிரிப்பில் எனக்கே புரையேறியது.

ஆனால் தீபாவளிக்கு முதல் நாள் அவள் தலையின் ஒரு பக்கத்தை மழித்துக்கொண்டு வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. சேகர் கையை ஓங்கிவிட்டான். அடிக்கவில்லை. ஓங்கிய கை ஓங்கியபடியே நின்று, பிறகு சுவரில் மாட்டியிருந்த அவள் கிதாரைக் கழற்றியது. கம்பெனிக்குக் கொண்டுபோய் லாக்கரில் வைத்துவிட்டு வந்தான். தை மாதம் வேலூரில் ஒரு காலேஜ் விழாவில் பாட அவர்கள் நாலு பேரும் பேர் கொடுத்திருந்தார்கள். "பாடறதுக்குப் போனா, பரீட்ச முடிஞ்சதும் தூரமா ஒரு ஹாஸ்டல்ல போட்டுடுவேன்," என்றான். அவளும் விடவில்லை. "போடுங்க. போனா திரும்பி வரமாட்டேன்." அன்றிலிருந்து அப்பனும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு அவள் நகர்ந்த பிறகுதான் அவன் வந்து உட்காருவான்.

கார்த்திகை பிறந்தது. சேகர் மாலை போட்டான். அது அவனுக்குப் பதினெட்டாவது வருஷம். பதினெட்டாவது வருஷம் மலைக்குத் தென்னங்கன்று எடுத்துப் போக வேண்டும், போய் வந்தால் குருசாமி. ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கம்பெனியில் வழக்கம்போல அவனைத் தோல் பக்கம் இல்லாமல் அட்டைப்பெட்டி அடுக்குகிற இடத்துக்கு மாற்றிக்கொடுத்தார்கள். கருப்பு வேட்டி, கருப்புச் சட்டை, கழுத்தில் மணி, மழிக்காத தாடி, காலில் செருப்பில்லை. ஒரே வீட்டில் இரண்டு கருப்பு. கொடியில் துணி காய்ந்தால் எது அப்பன் சட்டை எது மகள் சட்டை என்று மல்லிகாவே தடுமாறுவாள்.

மாலை போட்டவர் யாரையும் கடிந்து பேசக்கூடாது, எல்லாரையும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். அவர்களையும் எல்லாரும் சாமி என்றே கூப்பிட வேண்டும். வருஷா வருஷம் வீட்டுப் பூஜைக்கு நீங்கள் வந்து தங்குவீர்கள், அந்த வருஷமும் வந்தீர்கள். வந்த அன்றைக்குக் காலையில் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு முட்டுகிறது. யாழினி செயின் குலுங்க ஸ்கூல் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சேகர் பல்லைக் கடித்துக்கொண்டு, தீபாவளிக்குப் பிறகு முதல் முறையாக அவளிடம் பேசினான்.

"சாமி, இந்த வேஷத்த எப்ப கலைப்பீங்க சாமி?"

"நீங்க எப்ப கலைக்கிறீங்களோ அப்பத்தான் சாமி."

"செயின் சத்தம் பேஜாரா இருக்குது சாமி."

"உங்க பூஜ மணி சத்தம் அதவிட ஜாஸ்தி சாமி."

நீங்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடினீர்கள். நான் பின்னாலேயே வந்தேன். கதவை மூடிக்கொண்டு இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னீர்கள்: "சம்பந்தி, மாலை இருக்கறவரைக்கும்தான் இதெல்லாம். கழட்டின பிறகு கோவம் பேசும். கோவமில்லாத நாள்லயே இதுங்க ரெண்டையும் பேச வெச்சிடணும்."

நீங்கள் சொன்னது சரி. சேகர் வாசலில் கால் கழுவும்போதெல்லாம் என்னிடம் முணுமுணுத்துக்கொண்டிருந்தான்: "மாலைய கழட்டட்டும். அப்பறம் இருக்குது அவளுக்கு." நம் வீட்டில் மாலை கழற்றுகிற நாளை நினைத்துப் பயப்படாதவர் யாரும் இல்லை.

பூஜை முடிந்த மறுநாள் நீங்கள் அவனிடம் போனீர்கள். வேறு நாளாக இருந்தால் மாப்பிள்ளை முன்னால் உட்காரக்கூட மாட்டீர்கள். "சாமி, ஒண்ணு கேக்கறேன், இல்லன்னு சொல்லக்கூடாது. கொழந்த பாடறத ஒரே ஒரு தடவ முழுசா கேளுங்க." அவன் மறுக்க முடியாமல் உட்கார்ந்தான். யாழினி ஃபோனை அவன் முன்னால் தரையில் வைத்துவிட்டு எட்டிப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். பூஜையில் கண்ணை மூடுகிறமாதிரி மூடிக்கொண்டு கேட்டான். முடிந்ததும் கண்ணைத் திறந்தான்.

"எத்தினி பேரு சாமி சேர்ந்து கத்தறீங்க?"

"நாலு பேர் சாமி."

"எங்க பஜனையில நாப்பது பேரு. மைக் இல்லாமலே இத விட ஜாஸ்தி கேக்கும்."

"அதனாலதான் சாமி ராத்திரியில எனக்குத் தூக்கமே வர்றதில்ல."

அவன் தாடிக்குள் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று நீங்கள் பந்தயம் கட்டினீர்கள். இல்லை என்று நான். அவன் எழுந்து போகும்போது, "மாலை கழட்டினதும் பேசிக்கலாம்," என்று மட்டும் சொன்னான். நல்லதா கெட்டதா என்று தெரியாமலே நீங்கள் மதியம் பஸ் ஏறினீர்கள். ஜன்னல் வழியாக, "இருமுடி கட்டற அன்னிக்கு வந்துடறேன், அரிசி நான் போடணும்," என்றீர்கள். பதினேழு வருஷமும் அவன் இருமுடியில் முதல் கை அரிசி உங்களுடையதுதானே.

மார்கழியில் ஒரு நாள் விடியலில் ஃபோன் வந்தது. வாசலில் கோலம் போட உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டீர்கள் என்றார்கள். மல்லிகாவும் யாழினியும் முதல் பஸ்ஸில் ஓடினார்கள். நான் சேகரோடு பின்தங்கினேன். தெருக்கோடியில் இருக்கிற குருசாமி வந்து யோசித்துச் சொன்னார்: "மாமியார்தானே, பங்காளி சாவு இல்ல. நீ போகாம இருக்கலாம் சாமி, விரதம் கெடாது. போறதுன்னா மாலைய கழட்டணும். பதினெட்டாவது வருஷம். பாத்துக்க." சேகர் திண்டாடுவான் என்று நினைத்தேன். மூலையில் பையில் நின்ற தென்னங்கன்றைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "அவங்க கை அரிசி இல்லாத இருமுடிய நான் எப்டி தூக்கறது?" என்றான். பிறகு என் முன்னால் வந்து குனிந்து நின்றான்.

மாலையை அம்மா கையால்தான் கழற்ற வேண்டும். கழற்றினேன். பதினேழு வருஷம் மலையிலிருந்து திரும்பிய பிள்ளைக்குக் கழற்றிய கை, அன்றைக்கு மலைக்கே போகாத பிள்ளைக்குக் கழற்றியது. உங்களை நினைத்த துக்கத்தோடு, மகளிடம் இவன் இனி என்ன பேசுவானோ என்ற பயமும் இருந்தது.

உடை மாற்ற நேரமில்லை. கருப்பு வேட்டி, கருப்புச் சட்டை, தாடியோடேயே வேனில் ஏறினான். நாட்றம்பள்ளியில் உங்கள் வாசலில் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளை வேட்டியும் வெளிறிய சேலையுமாக இருந்த கூட்டம் முழுக்கத் திரும்பி இவனைப் பார்த்தது. நான் யாழினியைத் தேடினேன். ஜனங்களுக்கு நடுவில் கண்டுபிடிக்க முடியவில்லை. யாரோ சித்தி மகளிடம் கடன் வாங்கிய வெள்ளைச் சுடிதார், மோதிரம் இல்லை, மை இல்லை, மழித்த பக்கம் தெரியாமல் துப்பட்டா. உங்கள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். சேகர் உங்களைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நேராக அவள் முன்னால் போய் நின்றான்.

"ஒன் ஜாக்கெட் எங்கடி?"

அவள் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள். "பையில இருக்குதுப்பா. போடல. போடமாட்டேன்."

"அப்பறம் எதுக்கு எடுத்துக்கினு வந்தே?"

"ஆயா அடிச்சது. வூட்ல வுட்டுட்டு வர மனசு வரல."

மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. அவன் கழுத்தைத் தடவிக்கொண்டான், மாலை இருந்த இடம்.

"போட்டுக்க."

"எல்லாரும் பாப்பாங்கப்பா."

"என்னையும்தான் பாக்கறாங்க."

அவள் போட்டுக்கொண்டாள். அந்த வெள்ளைச் சுடிதாருக்கு மேல். துப்பட்டா நழுவியது, அதைத் திரும்ப எடுத்துப் போடவில்லை. உங்கள் பெரிய ஓர்ப்படி ஒப்பாரியை நிறுத்திவிட்டு, "இன்னாடி இது, சாவூட்ல வேஷங் கட்டிக்கினு?" என்றார். சேகர் அவர் பக்கம் திரும்பி, கோபமே இல்லாமல் சொன்னான்: "செத்துப்போனவங்க அடிச்ச ஆணி பெரியம்மா. பாத்துட்டுப் போகட்டும்." ஓர்ப்படி ஒப்பாரியைத் தொடர்ந்தார். தெருமுனைக் கொடிக்கம்பம் வரை அப்பனும் மகளும் கருப்பாக உங்கள் பின்னால் நடந்தார்கள். பெண்கள் அதற்குமேல் போகக்கூடாது என்பதால் அவள் என்னோடு நின்றாள். அவன் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

மலைக்கு அந்த வருஷம் போகவில்லை. கன்று பின்கட்டில் பையிலேயே இருந்து, தாங்காது என்று தெரிந்ததும் மண்ணில் வைத்துவிட்டான். பதினெட்டாவது வருஷத்துக்கு வேறு கன்று வாங்கினான். அதைப் போன வருஷம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான், அதையும் உங்களிடம் சொல்ல வேண்டும்.

கிதார் எப்போது திரும்பி வந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் பார்த்தால் சுவரில் இருந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. தை மாதம் வேலூரில் பாடினாள். சேகர் போனான், ஆனால் அவளுக்குச் சொல்லாமல். வண்டி நிறுத்துகிற இடத்தில் நின்று கேட்டிருக்கிறான். "எப்டிடா இருந்திச்சு?" என்று கேட்டேன்.

"ஒரு வார்த்த புரியலம்மா. ஆனா நாலு பேரும் ஒரே நேரத்துல டக்குனு நிறுத்தறாங்க. எங்க கம்பெனி லைன்ல மணி அடிச்சாக்கூட அப்டி நிக்க மாட்டானுங்க."

அவனுக்கு அந்தப் பாட்டு பிடித்துவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். இப்போதும் அவள் லீவில் வந்து போட்டால், "சவுண்ட கம்மி பண்ணு," என்பான். அவளும் கம்மி பண்ணுவாள், கொஞ்சம். தலையின் ஒரு பக்கத்தை அவள் இப்போதும் மழித்தே வைத்திருப்பதால் மல்லிகாவுக்குக் கல்யாணக் கவலை இன்னும் இருக்கிறது. அதெல்லாம் எந்த வீட்டிலும் இருப்பதுதான்.

நீங்கள் சமையலறையில் சொன்னது என்னோடு இருக்கிறது. சேகரிடமோ மல்லிகாவிடமோ கடுத்துப் பேசத் தோன்றினால், முதலில் மனசுக்குள் ஒரு தரம் சாமி என்று கூப்பிட்டுக்கொள்கிறேன். பாதி வார்த்தை அங்கேயே விழுந்துவிடுகிறது. மிச்சம் இருப்பதை மட்டும் சொல்கிறேன். பக்கத்து வீட்டுக்காரிகள் எனக்கு வயசாகி வாய் குறைந்துவிட்டது என்று நினைக்கிறார்கள்.

மல்லிகா உங்கள் படத்தைக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். எதிர்ச் சுவரில் பிள்ளைகள் படம். ஓசூர்க்காரன் அடையாள அட்டையோடு, நர்ஸ் வெள்ளை உடுப்போடு, சின்னவள் கோப்பையோடு. யாழினி படம் மட்டும் எட்டாவதில் எடுத்தது, இரட்டைப் பின்னல், சிவப்பு ரிப்பன். உங்கள் கண்ணுக்கு நேராக இருப்பது அதுதான். நேற்று அவளிடம் ஃபோனில் சொன்னேன்.

"புதுசா ஒரு படம் எடுத்து, பெருசா பிரிண்ட் போட்டு தபால்ல அனுப்புடி. ஃபோன்ல அனுப்பினா செவுத்துல எப்டி மாட்டறது?"

"எந்தப் பக்கம் எடுக்கட்டும் ஆயா?"

"மழிச்ச பக்கம்."

அடுப்படியிலிருந்து மல்லிகா எட்டிப் பார்த்து, "ஜாக்கெட்ட நல்லா தொடச்சிப் போட்டுக்கச் சொல்லுங்க அத்த. எங்கம்மா பாக்கணும்," என்றாள்.